என் தம்பிக்கு ஒன்றும் இல்லையாம்

என் தம்பி பொய் சொல்லமாட்டான். விருந்துக்குப் போன வீட்டில் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், "உப்பு ஜாஸ்தி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ரகம். முதல் வேலைக்குப் போன இடத்தில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதற்கு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்" என்றவன். அப்படிப்பட்டவன் வருஷத்துக்கு ஒரு முறை, கம்பெனி டாக்டருக்கு முன்னால் மட்டும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பான். மறைத்து மறைத்து அது கடைசியில் அவன் வயிற்றுக்குள்ளேயே அழுகியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லை, நீங்களும் சேர்ந்து கோபப்பட்டாலும் தப்பில்லை.

நான் குடிநீர் வாரியத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள். தண்ணீர் வரவில்லை, வருகிற தண்ணீர் நாறுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று காலையிலிருந்து மாலைவரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான். கத்துகிறவன் தெருவில் முதலில் குழாய் சரியாகும். அடக்கமாக நிற்கிறவன் தெருவில் பள்ளம் மட்டும் தோண்டிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு வாய்த்த தம்பியோ, பிறந்ததிலிருந்து வாயைத் திறந்து தனக்காக ஒரு புகாரும் சொல்லாத பிறவி.

அவன் துறைமுகத்தில், சரக்குப் பெட்டிகளை அடுக்கும் யார்டில் கிரேன் ஆபரேட்டர். கப்பலில் வந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் வைக்கிற வேலை. தரையிலிருந்து பார்த்தால் அவன் உட்காரும் கேபின் தீப்பெட்டி அளவுதான் தெரியும். அதன் தரை கண்ணாடி. ஷிஃப்ட் முழுக்க இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து கீழே பார்த்துக்கொண்டே இரண்டு கையாலும் பிடிகளைத் தள்ளி இழுக்க வேண்டும். பெட்டியின் நாலு மூலையும் லாரியில் உள்ள நாலு பூட்டில் உட்கார வேண்டும். விரல் அளவு தள்ளிப் போனாலும் கீழே நிற்கும் ஆள் கையை உயர்த்திவிடுவார். ஏறிவிட்டால் சும்மா சும்மா இறங்க முடியாது. சாப்பாடு கயிற்றில் கட்டிய வாளியில் மேலே போகும். மற்றதற்கு ஒரு பாட்டில். இதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அந்த வேலைமீது அவனுக்கு உயிர். எங்கள் வீட்டு ஆண்களில் யாருக்கும் அவ்வளவு உயரத்தில் நாற்காலி கிடைத்ததில்லை. "மேல உக்காந்தா கப்பலே பொம்மை மாதிரி இருக்கும்க்கா" என்பான். அந்த நாற்காலியைக் காப்பாற்றத்தான் வருஷாந்திரப் பொய்.

வருஷம் ஒரு முறை கம்பெனி டாக்டர் எல்லா ஆபரேட்டர்களையும் சோதிப்பார். தலை சுற்றுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, வயிறு வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொன்னவன் மேலே போவான். எதற்காவது "ஆமாம்" என்றவன் கீழே. "சோதனைகள் முடியும் வரைக்கும்" என்று சொல்லித்தான் கீழே போடுவார்கள். அந்தச் சோதனைகள் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. எப்போதோ ஒருநாள் தலை சுற்றியதாக உளறிவிட்ட ஒருவர் இன்றைக்கும் அங்கே கயிறு சுருட்டிக்கொண்டிருக்கிறார்.

அதனால் ஆபரேட்டர்களுக்குள் ஒரு ரகசியப் பாடம் உண்டு. அதே கிரேனில் அடுத்த ஷிஃப்ட் பார்ப்பவர் நெட்டை. பெயருக்கு ஏற்ற உயரம், ஒட்டடைக் குச்சி உடம்பு, என் தம்பிக்கு உயிர் சிநேகிதர். அவர்தான் தம்பிக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர். "டாக்டர் வயித்துல கை வைக்கறப்ப மூச்சை வெளிய விட்டுடு மாப்ளே. வயித்தை இளக்கமா வை. மூச்சை இழுக்கச் சொன்னா நெஞ்சை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டு, உள்ள இழுக்காதே. அவர் மூஞ்சியைப் பாத்து லேசா சிரி." பரதம் கற்றுக்கொள்வதுபோல் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து இதைப் பயின்றிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்வான் என்பது எனக்குத் தெரியும், இந்த மூச்சு வித்தை பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் இரண்டு பேர் காதையும் திருகியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு முந்தின வருஷம் தம்பி பொண்டாட்டிக்குப் பித்தப்பையில் கல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி, முதுகில் போய்க் குத்துகிறது என்று அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். என் தம்பி ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், "ஸ்கேன் எடுக்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டான். சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாள் அவள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, டீ போடட்டுமா?" என்று என்னையே கேட்டாள். அவ்வளவு சுலபமாக முடிந்த காரியம்.

ஆக, இந்த வியாதி எந்த இடத்தில் வலிக்கும், எப்படி வலிக்கும், என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். பொண்டாட்டி பட்ட வலியைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். அதே இடத்தில் அதே வலி அவனுக்கு வந்தபோது நம்ம துரை என்ன சொன்னார் தெரியுமா? "கேஸ்."

வறுத்தது பொரித்தது எதைச் சாப்பிட்டாலும் சற்று நேரத்தில் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு நாற்காலியில் சுருண்டுவிடுவான். நான் ஒருநாள் நேரில் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"டேய், இது உன் பொண்டாட்டிக்கு வந்த மாதிரியே இருக்குடா. போய் ஒரு ஸ்கேன் எடு."

"உனக்கு வேற வேலை இல்லையாக்கா? அது பொம்பளைங்களுக்கு வர்றது. பொம்பளைங்களுக்குக் கல்லு, ஆம்பளைங்களுக்குக் கேஸ்."

"அப்படின்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"இதுக்கு டாக்டர் எதுக்கு? எங்க யார்டுல எல்லாருக்கும் கேஸ்தான்."

அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஒரு யார்டில் இருக்கிற அத்தனை ஆண்களுக்கும் ஒரே வியாதி, அதற்கு ஒரே மருந்து, அந்தப் பால் மாதிரி இருக்கிற வயிற்று மருந்து. ஆளுக்கு ஒரு பாட்டில் கேபினில் வைத்திருப்பார்களாம். கம்பெனியின் முதலுதவி அறைக்குப் போனால் விஷயம் டாக்டர் காதுக்குப் போய்விடும் என்று மருந்துக்கடையில் அவரவரே வாங்கிக்கொள்வார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான்கூட அன்றைக்கு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. நாற்பதைத் தாண்டிய ஆணைக் கையைப் பிடித்து எங்கே இழுத்துப் போவது!

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வலி மேல்வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு என்றதும் பயந்துவிட்டான். அவனாகவே "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். நானும் தம்பி பொண்டாட்டியும் கூடப் போனோம். அவசரப் பிரிவில் உள்ளே நோயாளிக்கு மட்டும் அனுமதி, எங்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகு அவன் வாயாலேயே கேட்டேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த டாக்டர் வயிற்றில் கை வைத்து, இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் என்ன செய்தான்? வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், கட்டிலில் படுத்ததும், அந்தக் கேள்விகள் காதில் விழுந்ததும், வருஷா வருஷம் செய்ததையே செய்திருக்கிறான். மூச்சை வெளியே விட்டு, வயிற்றை இளக்கி, டாக்டர் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்திருக்கிறான். வலி இருக்கா? இல்லை. வாந்தி? இல்லை. காலையில் இரண்டு முறை எடுத்த வாந்தியை அவன் பொண்டாட்டிதான் கழுவிவிட்டாள். வீட்டில் வேறு யாருக்காவது கல், கில் வந்திருக்கிறதா? அதற்கும் இல்லை! அந்தக் கட்டிலில் அவன் வைத்தியத்துக்குப் படுக்கவில்லை. பரீட்சைக்குப் படுத்திருக்கிறான். முதல் வகுப்பில் தேறியும்விட்டான்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "இதயம் கல்லு மாதிரி இருக்காம்க்கா" என்றான். கல் வேறு இடத்தில் இருந்தது. ஆனாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றைக்கு நாங்கள் மூன்று பேருமே சந்தோஷப்பட்டோம். தம்பி பொண்டாட்டி அவனுக்குப் பிடித்ததையெல்லாம் எண்ணெய் மிதக்கச் செய்து போட்டாள். அவனும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டான்.

அந்த டாக்டரிடம் நான் பிறகு போய்ச் சண்டை போட்டேன். "அவரு எதுக்குமே இல்லைன்னாரேம்மா, நான் என்ன பண்றது?" என்றார். "எங்க ஜன்னல்ல காலிப் பானையோட ஒருத்தர் வந்து நின்னா, அவர் வாயைத் திறக்கலைன்னாலும் தண்ணி வரலைன்னு எனக்குத் தெரியும் சார். வேர்த்து நனைஞ்ச சட்டையோட ஒருத்தன் சிரிச்சா உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வெளிய ரெண்டு பொம்பளைங்க உக்காந்திருந்தோமே, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், நல்ல மனுஷன்தான். அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் குளிர் காய்ச்சல். கேபின் பாட்டிலில் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போவதைப் பார்த்திருக்கிறான். "தண்ணி கம்மியாக் குடிச்சதால" என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான். காய்ச்சலோடு ஏணி ஏறினான். ஷிஃப்ட் முடியும்வரை ஒரு பெட்டியும் பிசகவில்லையாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள்! மாற்றிவிட மேலே வந்த நெட்டை, இவன் பிடிகள்மேல் தலையைக் கவிழ்த்துக் கிடப்பதைப் பார்த்து, இடுப்பில் பெல்ட் கட்டி, ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கியிருக்கிறார்.

இறக்கியவர் எங்கே கொண்டுபோக வேண்டும்? யார்டிலேயே முதலுதவி அறை இருக்கிறது. "அங்க வேண்டாம் மாப்ளே, எழுதிடுவாங்க" என்று இவன் முனகியிருக்கிறான். நெட்டைக்கும் அது நியாயமாகப் பட்டது. வண்டியில் பின்னால் உட்கார வைத்து, கீழே விழாமல் தன் இடுப்போடு சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு, நேரே என் அலுவலகத்துக்கு வந்தார். வழியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள் இரண்டு அதிபுத்திசாலிகளும். வந்தவர்கள் நேராக உள்ளே வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. தம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெட்டை என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார். அவர் முறை வரும்வரை நின்றார்! நான் குனிந்தபடியே "எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

"தெரு இல்லைக்கா. தம்பி."

நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் சாய்ந்திருந்தவனின் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ஜன்னலை அடைக்கக்கூட இல்லை, அப்படியே ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் எனக்கும் சேர்த்து ஒரு புகார் எழுதியிருப்பார்கள். எழுதட்டும்.

இந்த முறை நான் வெளியே உட்காரவில்லை. உள்ளே விடமாட்டேன் என்ற ஆளிடம், "என்னைத் தூக்கி வெளிய போடுங்க பாக்கலாம்" என்றேன். வந்தவர் ஒரு பெண் சர்ஜன். என் உயரத்தில் பாதிதான் இருப்பார், குரல் மட்டும் கணீர். தம்பியைப் படுக்க வைத்துச் சட்டையை விலக்கினார்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல மேடம். லேசாத்தான்."

கண் மஞ்சள், உடம்பு அனல், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, லேசாத்தானாம்! அவர் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். அவன் மூச்சை வெளியே விட்டான். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. கட்டிலின் மறுமுனையில் நின்ற எனக்கு அவன் கால்கள் தெரிந்தன. பத்து விரல்களும் உள்ளங்காலை நோக்கி மடங்கிக் கிடந்தன.

"டேய்!" என்று போட்ட சத்தத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இவங்க உன் கம்பெனி டாக்டர் இல்லடா. உன்னைக் கிரேன்ல ஏத்த வரலை, உயிரோட வைக்க வந்திருக்காங்க. மேடம், இவன் பொய் சொல்றான். வேலை போயிடும்னு பயந்து வருஷக்கணக்கா சொல்லிப் பழகின பொய். இவன் மூஞ்சியைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க."

சர்ஜன் அவன் காலைப் பார்த்தார். கையை எடுக்காமலே, "ஐயா, நெஞ்சை மட்டும் தூக்காம மூச்சை நல்லா வயித்துக்குள்ள இழுங்க" என்றார். இப்படி ஏமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது. தம்பி என்னைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. இழுத்தான். பாதி மூச்சில் உடம்பு தானாக நின்றுவிட்டது. அப்போது அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இதற்குமுன் கேட்டதில்லை. என்னோடு பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவன் வலியின் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஸ்கேனில் பித்தப்பை வீங்கிக் கிடந்தது. அதில் கற்கள். ஒன்று நழுவிப் போய்ப் பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் மஞ்சள். வாய்வழியாகக் குழாய் விட்டு முதலில் அந்தக் கல்லை எடுத்தார்கள். பிறகு ஆபரேஷன். தம்பி பொண்டாட்டிக்குச் செய்ததுபோல் துளை போட்டுத்தான் ஆரம்பித்தார்களாம், முடியவில்லை. வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. சர்ஜன் வெளியே வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பித்தப்பை அழுகிக் கறுத்துப் போயிருந்தது. ஈரலோட ஒட்டிக்கிட்டு இருந்தது. எடுத்தாச்சு. ஆனா விஷம் ரத்தத்துல கலந்திருக்கு. இப்ப உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

"எனக்கு இதே ஆபரேஷன் பண்ணி மறுநாளே அனுப்பிட்டாங்களே மேடம். இவரும் முன்னாடியே வந்திருந்தா?" என்றாள் தம்பி பொண்டாட்டி.

"உங்களை மாதிரி மறுநாள் வீட்டுக்குப் போயிருப்பாரு. இந்தக் கல்லு பொம்பளைங்களுக்குத்தான்மா நிறைய வருது. ஆனா அவங்க வலிச்சா வந்துடறாங்க. ஆம்பளைங்கள்ல பல பேரு தாங்கித் தாங்கி, இப்படி முத்தினப்புறம்தான் வர்றாங்க."

தாங்குகிறார்களாம்! எதற்காகத் தாங்க வேண்டும், யார் கேட்டது? அந்த வராந்தாவில் நான் யாரைத் திட்டவில்லை என்று கேளுங்கள். ஆம்பளை என்றால் வலிக்காது என்று சொல்லி வளர்த்த எங்கள் அப்பாவைத் திட்டினேன். வலிக்கிறது என்றவனைக் கயிறு சுருட்டப் போடுகிற கம்பெனியைத் திட்டினேன். நெட்டை ஒரு ஓரமாகத் தலை குனிந்து நின்றிருந்தார். "அக்கா, நான்தான் அவனுக்கு அந்த மூச்சு வித்தையைச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். அவருக்கும் நிறையவே கிடைத்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் செத்துப் பிழைத்தான். சும்மா சொல்லவில்லை, ஒரு கட்டத்தில் வெளியூரில் இருக்கும் மகளை வரச் சொல்லிவிட்டார்கள். எப்படியோ மீண்டான். வயிற்றில் ஒரு ரப்பர் குழாய், விலாவை ஒட்டி நீளத் தையல். சாதாரண வார்டுக்கு வந்த பிறகு யார்டு ஆட்கள் பார்க்க வந்தார்கள். பழம் கொண்டுவந்தார்கள், கேலி பேசினார்கள். கிளம்பும்போது ஒவ்வொருவரும் மற்றவர்களை முன்னால் போகவிட்டுக் குனிந்து, ரகசியமாக ஒன்றைக் கேட்டார்கள்.

"எந்த இடத்துலடா வலிச்சுது முதல்ல?"

ஒருவர் இல்லை, வந்தவர்கள் எல்லோரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டே கேட்டேன். நெட்டை மட்டும் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் கேட்டார். முதுகில் குத்துமா, சாப்பிட்ட பிறகா என்றெல்லாம் விசாரித்தார். "நீங்க போய் ஒரு ஸ்கேன் எடுங்க" என்றேன். "எனக்கு எதுக்குக்கா? கல்லெல்லாம் குண்டா இருக்கறவங்களுக்கு. நான் ஒட்டடைக் குச்சி" என்று சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்களுக்கு வந்தாலும் தெரியாது போலிருக்கிறது.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று கம்பெனி டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வலி இருக்கிறதா? என் தம்பி அந்த அறையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னான். "கையைத் தூக்கினா தழும்பு இழுக்குது சார். ஏணி ஏற இன்னும் கொஞ்ச நாள் ஆகும்." டாக்டர் தலையை ஆட்டினார். கொஞ்ச நாள் கழித்து வா என்று சொல்லவில்லை. நிரந்தரமாக அவனை யார்டு வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். லாரி வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். சம்பளமும் இறங்கியது. பொய் சொன்ன வரைக்கும் வானத்தில் நாற்காலி, உண்மை சொன்னதும் வாசலில் நாற்காலி. இதில் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் சொல்லுங்கள்! நான் கம்பெனிக்கே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். தம்பி தடுத்துவிட்டான். "விடுக்கா, உக்காந்து பாக்கற வேலைதானே" என்றான். ஆனால் கப்பல் ஊதும்போதெல்லாம் அவன் கழுத்து மேலே திரும்பும்.

ஒருநாள் அவன் மாத்திரை டப்பாவை வீட்டில் மறந்துவிட்டான். கொடுத்துவிட்டு வரலாம் என்று மத்தியானம் யார்டு வாசலுக்குப் போனேன். ஷிஃப்ட் மாறும் நேரம். உள்ளே போகும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கம்பியின் ஓரத்தில் நுழைந்துகொண்டிருந்தார்கள். நெட்டை வந்தார். நல்ல வெயில்தான், ஆனால் அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. வலது கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். தம்பியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

தம்பி எழுந்து வழியை மறித்து நின்றான்.

"எவ்வளவு நாளா?"

"என்னது? ஒண்ணுமில்ல மாப்ளே. கேஸ்."

"மூச்சை உள்ள இழு."

"டேய், நேரமாச்சு, தள்ளு."

"இழுடா பாக்கலாம்."

நெட்டை இழுக்கவில்லை. இழுக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பின்னால் ஆட்கள் தேங்கினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. தம்பி கம்பியைத் தூக்கவில்லை, ஆளையும் விடவில்லை. சத்தம் கேட்டு யார்டு அதிகாரி ஓடி வந்தார்.

"என்னய்யா இங்க கலாட்டா? கம்பியைத் தூக்கு!"

"இவனை ஏத்தாதீங்க சார். இவனுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அதைச் சொல்ல நீ என்ன டாக்டரா? வாட்ச்மேன் வேலையைப் பாரு. இருக்கற வேலையும் போயிடும்."

என் தம்பி, வாழ்நாளில் யாரிடமும் ஒரு புகாரும் சொல்லாதவன், அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தூக்கினான். விலாவுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் சிவந்தே இருந்தது. அதிகாரி பக்கம் திரும்பவே இல்லை, நெட்டையைப் பார்த்துத்தான் பேசினான்.

"எனக்கு வலிக்குதுன்னு வாயால சொல்லத் தெரியல மாப்ளே. அதான் வயித்தைக் கிழிச்சு சொல்ல வேண்டியதாப் போச்சு. நீயாவது வாயால சொல்லிடு."

ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. அதிகாரி நெட்டையிடம் கேட்டார். "உனக்கு வலி இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

நெட்டை கிரேனைப் பார்த்தார். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. சொன்னால் அவரும் தரைக்கு வருவார் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பிறகு அவர் கை தானாக விலாவுக்குப் போயிற்று.

"வலிக்குது சார். ரொம்ப வலிக்குது. உயிர் போகுது."

நான் அவர் தோளைத் தாங்கிப் பிடித்தேன். அவ்வளவு உயரமான மனுஷன் என் மேல் சாய்ந்தார். சாலையில் நின்ற ஆட்டோவைக் கையைத் தட்டி அழைத்தேன். அதிகாரி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வேண்டுமா, யாராவது கூடப் போகிறீர்களா, எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கிரேன் சும்மா நிற்கிறது, அதுதான் கவலை. தேங்கி நின்றவர்களில் இருந்த அடுத்த ஆபரேட்டரை விரலால் அழைத்தார்.

"நீ ஏறு. உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அவர். லேசாகச் சிரித்தார்.

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.